‘அவிழ்’ என்பதற்கு எதிர்ச்சொல் எது? கட்டு, முடி, பூட்டு, பிணை, கொளுவு: ஓர் ஒப்பீடு

‘அவிழ்’ என்ற சொல்லுக்கு எதிர்க்கருத்து எது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும் பெற்றோர் ஒரு வகை. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ‘கட்டு’ என்றும் இன்னொன்றில் ‘முடி’ என்றும் விடை இருந்தால் எதைப் படிப்பிப்பது என்று தடுமாறுகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கதையும் கட்டுரையும் எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் மற்ற வகை. வீட்டில் பூட்டு, கொளுவு, பிணை என்று பல சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றுக்கும் ‘கட்டு’ ஒன்றையே போட்டுவிடுகிறார்கள். பிறகு வாசிக்கும்போது ஏதோ உறுத்துகிறது, அது என்னவென்று பிடிபடவில்லை என்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரேயொரு சொல்லைத்தான் எழுத வேண்டும் என்றால் ‘கட்டு’. ஒரு வாக்கியத்துக்குள் எழுதுவதென்றால், எதை எதனோடு எப்படிச் சேர்த்தார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்குத்தான் இந்த ஒப்பீடு.

எவற்றைக் கொண்டு அளப்பது

ஒரு சொல் குறிக்கும் செயலைச் செய்து முடித்தபின் ‘அவிழ்’ என்றால் பழைய நிலை திரும்ப வேண்டும். இது முதல் அளவுகோல். மாட்டைக் கட்டினோம், அவிழ்த்தோம். மாடு முன்போல நிற்கிறது. வீட்டைக் கட்டினோம், அதை அவிழ்க்க முடியாது, இடிக்கத்தான் முடியும். ஆகவே ‘கட்டு’ என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ‘அவிழ்’ என்பதற்கு எதிர் ஆகாது.

அடுத்தது கருவி. கயிறு, நூல், துணி, தலைமயிர் என வளைந்து கொடுப்பவைதான் அவிழும். இரும்பு கழலும், அல்லது திறக்கும். மூன்றாவது இலக்கணம். ‘அவிழ்ந்தது’ தன்வினை, அதாவது தானாக நிகழ்வது; ‘அவிழ்த்தான்’ பிறவினை, அதாவது ஒருவர் செய்வது. எதிர்ச்சொல்லும் அதே வகையில் நிற்க வேண்டும். இதைப் பார்க்காமல் விடுவதால்தான் பல விடைகள் பிழைக்கின்றன. இவை போக, அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்கள் இருந்து குறுக்கே வருகின்றனவா என்றும், வன்னியில் இன்றும் மக்கள் வாயில் அது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கட்டு

பெரும்பாலான அளவுகோல்களில் முன்னுக்கு நிற்பது இதுதான். அதற்கான சான்று மொழிக்குள்ளேயே இருக்கிறது. ‘கட்டவிழ்’ என்று ஒரு சொல் உண்டு. வன்முறையைக் கட்டவிழ்த்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கட்டும் அவிழ்ப்பும் ஒரே சொல்லில் சோடியாக நிற்கின்றன. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

புழக்கமும் அப்படியே. கன்றைக் கட்டிவிட்டுப் பால் கறக்கிறோம், கறந்தபின் அவிழ்த்துவிடுகிறோம். பேச்சில் அது ‘அவிட்டு விடு’ என்று வரும். எழுத்தில் ‘அவிழ்த்து விடு’. சாரத்தைக் கட்டுகிறோம், அவிழ்க்கிறோம். சப்பாத்து லேஸையும் கட்டுகிறோம், அவிழ்க்கிறோம். கேதார கௌரி விரதத்தில் 21 இழை நூலைக் காப்பாகக் கட்டுகிறார்கள்; அதை அவிழ்ப்பது என்றும் கழற்றுவது என்றும் இரண்டு வழக்குகளும் உண்டு.

தறப்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 இற்குப் பின்னர் மீளக் குடியமர்ந்த குடும்பங்கள் பல, தறப்பாளின் கீழ்தான் முதல் மாரியைக் கழித்தன. மூலையில் உள்ள வளையத்துக்குள் கயிற்றை விட்டு, இழுத்து, முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றின் கீழால் தலைப்பைச் செருகுவார்கள். அப்படிச் செய்தால் காற்றுக்கு இறுகும். அவிழ்க்க வேண்டிய நேரத்தில் தலைப்பைப் பிடித்து இழுத்தால் போதும். இந்தச் செயலுக்கு ‘இழுத்துக் கட்டு’ என்ற தொடரைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. ‘தறப்பாளைப் பொருத்தினார்கள்’ என்று ஒரு செய்திக் குறிப்பில் வாசித்தேன். பொருத்துவது குழாய்க்கும் மின்குமிழுக்கும் உரிய சொல். மழை வருவதற்கு முன் நான்கு மூலையிலும் நின்று இழுத்தவர்களின் கைவேலை அதில் வரவே இல்லை.

இனி இந்தச் சொல்லின் மறைவான செலவுக்கு வருகிறேன். ‘கட்டு’ மிகப் பெரிய சொல். வீடு கட்டு என்றால் எதிர் இடி. காசு கட்டு என்றால் எதிர் மீளப் பெறு. கதை கட்டு, கலியாணம் கட்டு, வயலுக்குத் தண்ணீர் கட்டு என்று அது போய்க்கொண்டே இருக்கும். கைகட்டி நின்றவர் கையை அவிழ்ப்பதில்லை, எடுக்கிறார். தொண்டை கட்டினால் அவிழாது, திறக்கும். வன்னியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: குளக்கட்டு. முத்தையன்கட்டு, கட்டுக்கரை என்று குளங்களின் பெயரிலேயே இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. மாரி காலத்தில் இரணைமடுப் பக்கத்து விவசாயி ‘கட்டு’ என்று சொன்னால் அது கயிறு அல்ல, மண் அணை. அதற்கு எதிர் உடைதல். ‘குளம் உடைப்பெடுத்தது’ என்று கேட்டாலே நெஞ்சு பதறும். அங்கே அவிழ்ப்புக்கு இடமே இல்லை.

தாலிக்கும் இப்படித்தான். தாலி கட்டுவதற்கு எதிராக அவிழ்ப்பது என்று எவரும் சொல்வதில்லை. கழற்றுதல், அறுத்தல் என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லவே பலருக்கு வாய் வராது. கணவரைப் பறிகொடுத்த பெண்கள் ஏராளமாக வாழும் நிலத்தில், இதை எதிர்ச்சொல் பயிற்சிக்கு உதாரணமாகப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

ஆக, ‘கட்டு’ என்று தனிச் சொல்லாக எழுதினால் சரி. வாக்கியத்தில் எழுதும்போது பக்கத்தில் கயிறோ துணியோ நூலோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடி

இரண்டாவது இடம் இதற்கு. சில இடங்களில் முதல் இடமும் இதற்குத்தான்.

கூந்தலுக்கு ‘முடி’யை மிஞ்சிய சொல் இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் திரளும் வன்னி மக்களுக்கு, அவிழ்ந்த கூந்தல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியின் கூந்தல் முடியாத கூந்தல். பாஞ்சாலியின் கதையும் விரித்த கூந்தலின் கதைதான். சபதம் நிறைவேறிய பின்பே அவள் முடிக்கிறாள். இந்த இடங்களில் ‘கூந்தலைக் கட்டினாள்’ என்று எழுதினால் அது வேலைக்குப் போகும் அவசரத்தில் வாரி எடுத்துக் கட்டியது போல ஆகிவிடும். ‘முடித்தாள்’ என்றால் ஓர் ஒழுங்கும் ஒரு தீர்மானமும் சேர்ந்து வருகின்றன.

துணிக்கும் இது பொருந்தும். சேலைத் தலைப்பில் காசை முடிந்து வைத்த ஆச்சிமாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தலைப்பின் முனையில் காசை வைத்து, இரண்டு மடிப்பு மடித்து, தன்னைத் தானே சுற்றி ஒரு முடிச்சு. சந்தையில் அந்த முடிச்சை அவிழ்க்கப் பல்லும் உதவிக்கு வரும். முடிச்சவிழ்க்கி என்று திருடனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. மக்கள் காசை முடிந்து வைத்த காலத்தின் சொல் அது. கட்டவிழ்ப்பைப் போலவே முடியும் அவிழ்ப்பும் சோடி என்பதற்கு இது இன்னொரு சாட்சி. மூட்டை முடிச்சோடு புறப்பட்டார்கள் என்று எழுதும்போது, மூட்டை பெரியது, முடிச்சு சிறியது என்பதை நினைவில் வையுங்கள். சாக்கில் கட்டியது மூட்டை. அடையாள அட்டையும் காணி உறுதியும் நகையும் துணியில் முடிந்தவை. இடம்பெயர்ந்தபோது மூட்டையை வழியில் விட்டவர்கள் உண்டு; முடிச்சை விட்டவர்கள் குறைவு.

இந்தச் சொல்லின் செலவு இலக்கணத்தில் இருக்கிறது. ‘முடிந்தது’ என்றால் வேலை தீர்ந்தது என்று பொருள். ‘முடிந்தாள்’ என்றால் காசை முடிச்சிட்டாள் என்றும் கொள்ளலாம், உயிர் தீர்ந்தாள் என்றும் கொள்ளலாம். ‘முடித்தாள்’ என்றால் கூந்தலா, வேலையா? பக்கத்தில் கூந்தல், காசு, பூ, தலைப்பு என்று ஏதாவது ஒரு பெயர்ச்சொல் இல்லாமல் இந்தச் சொல் தனித்து நிற்காது. எதிர்ச்சொல் பட்டியலில் ‘அவிழ் × முடி’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், ‘தொடங்கு × முடி’ என்று படித்த பிள்ளைக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். அந்தக் குழப்பத்துக்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

தன்வினை விடயத்தில் மட்டும் இந்தக் குடும்பம் ‘கட்டு’வை வென்றுவிடுகிறது. முடிச்சு அவிழ்ந்தது என்பதற்கு எதிர் ‘முடிச்சு விழுந்தது’. யாரும் போடாமல் தானாகச் சிக்கி விழுந்த முடிச்சு. வலை சிக்கெடுக்கும் நந்திக்கடற் கரையில் இந்தத் தொடர் நாள்தோறும் தேவைப்படும். ‘கட்டியது’ என்று சொல்லி இந்தப் பொருளைப் பெறவே முடியாது.

பூட்டு

இங்கேதான் எழுதுபவர்கள் கூடுதலாகத் தடுக்கி விழுகிறார்கள். ‘பூட்டு’ என்றால் கதவும் ஆமைப்பூட்டும் மட்டுமே கண்ணுக்கு வருகின்றன. அதற்கு எதிர் ‘திற’. அதனால்தான் நம் ஊரில் சாவிக்குத் திறப்பு என்றே பெயர். இந்தப் பூட்டுக்கு ‘அவிழ்’ எதிர் அல்ல. முதல் அளவுகோலிலேயே தோற்றுவிடும்.

ஆனால் ஏர் பூட்டுவது, வண்டியில் மாடு பூட்டுவது என்ற பழைய பொருளுக்கு ‘அவிழ்’ நேர் எதிர். நுகத்தடியை மாட்டின் கழுத்தில் வைத்து, பூட்டாங்கயிற்றைக் கழுத்துக்குக் கீழால் எடுத்து, மறுபக்கம் நுகத்தோடு சேர்ப்பார்கள். கயிறு இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. இறுகினால் மாட்டுக்கு மூச்சு முட்டும். தொங்கினால் நுகம் எகிறிவிடும். மாலையில் வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவது. இந்த இடத்தில் ‘மாட்டை வண்டியில் கட்டினான்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும். வண்டியில் கட்டிய மாடு, நின்ற வண்டியின் சில்லோடு கட்டப்பட்டு வைக்கோல் தின்றுகொண்டிருக்கும் மாடு. வண்டியில் பூட்டிய மாடு இழுக்கப் போகிற மாடு. ஒரு சொல்லில் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பதே மாறிவிடுகிறது.

உழவு இயந்திரம் வயலை எடுத்துக்கொண்டபின் இந்தப் பொருள் வன்னிப் பிள்ளைகளிடம் மங்கிவருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏர்பூட்டு விழா என்று வருடத்துக்கு ஒருமுறை பெயரளவில் கேட்கிறார்கள். ஆனால் உயர்தரத் தமிழ் படிக்கும்போது இதே சொல் மீண்டும் முன்னால் வரும். பாட்டுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று விற்பூட்டு. வில்லின் இரண்டு முனைகளையும் நாண் இணைப்பதைப் போலப் பாட்டின் கடைசிச் சொல் முதற் சொல்லோடு சென்று பொருந்துவது. பூட்டு என்றால் ஆமைப்பூட்டு மட்டுமே என்று நினைத்த மாணவருக்கு இந்தப் பெயர் வெறும் மனப்பாடமாகிவிடுகிறது. மாடு பூட்டுவதைத் தெரிந்தவருக்கோ பெயரைக் கேட்டதுமே பொருள் விளங்கிவிடும்.

சட்டைத் தெறிக்கும் நாம் பூட்டுதல் என்றே சொல்கிறோம். தெறியைப் பூட்டு, தெறியைக் கழற்று. தெறியை அவிழ்த்தான் என்றும் எழுதுகிறார்கள். பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வன்னியில் காதுக்குப் பழகியது கழற்றுதல்தான்.

பிணை, தளை

இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். பிணைப்பது ஒன்றை இன்னொன்றோடு இணைப்பது, இரண்டும் சமம். கட்டும்போது ஒன்று முளை, மற்றது மாடு. பிணைக்கும்போது இரண்டும் மாடு. சூடு மிதிக்கும், அதாவது கதிரிலிருந்து நெல்மணியைப் பிரிக்கும், காலத்தில் மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாக வரிசையில் இணைத்துக் களத்தில் சுற்றவிட்டார்கள். அதற்குப் பிணையல் என்று பெயர். நடு மாடு மெல்ல அசையும், ஓரத்து மாடு எட்டி நடக்கும். மிதித்து முடிந்ததும் பிணையலை அவிழ்ப்பார்கள். எதிர்ச்சொல்லாக நூற்றுக்கு நூறு சரியான சொல். அறுவடை இயந்திரம் வந்தபின் களத்தில் அதற்கு வேலை இல்லாமல் போனது.

இப்போது பிணை என்றால் நீதிமன்றம். ‘பிணையில் விடுவிக்கப்பட்டார்’ என்ற செய்தியை வாசிக்காத நாள் இல்லை. அங்கே பிணை கிடைத்தால் ஆள் வெளியே வருகிறார். பிணைப்பதும் விடுவிப்பதும் ஒரே வாக்கியத்தில் கலந்து நிற்கின்றன. பொதுவாசகருக்கு எழுதும்போது ‘பிணை’யைத் தனியாகப் போட்டால் முதலில் சட்டப்பொருள்தான் நினைவுக்கு வரும். ‘பிணைத்துக் கட்டினான்’ என்று இரண்டையும் சேர்த்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். கட்டுமரத்துக்கு மரங்களைச் சேர்ப்பதை எழுத இதைவிட நல்ல தொடர் கிடையாது.

தளை அடக்குவதற்கு உரிய சொல். காலில் இடுவது, விலங்காக இடுவது. பனை ஏறுபவர் காலில் மாட்டும் தளைநாரும் இதன் உறவுதான். பழைய பாட்டுகளில் ‘தளையவிழ்’ என்று மலருக்கு வரும். அங்கே இதழ்களைப் பிடித்திருந்த கட்டு விடுபடுகிறது. யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், சீரும் சீரும் சேர்வதும் தளை. யாப்பு என்ற பெயரே கட்டு என்று பொருள்படுவது. யாத்தல் என்றால் கட்டுதல். வெண்பாவில் வெண்டளை மட்டுமே வரலாம், பிசகினால் ‘தளை தட்டுகிறது’ என்பார்கள். பாட்டில் தளை அவிழ்வதில்லை, தட்டுகிறது. அன்றாட உரைநடைக்குத் தளை கனமான சொல். அடிமை, சிறை, மரபு என்று எழுதும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டைத் தளைத்தான் என்று எழுதினால், ஆடு மரம்போலத் தழைத்ததாக யாராவது வாசித்துவிடக்கூடும்.

கொளுவு, மாட்டு

கொளுக்கியால் பிடிப்பது கொளுவு. படலையின் கொளுக்கியைக் கொளுவு, சட்டையை ஆணியில் கொளுவு. இது ஈழத்துத் தமிழில் உயிரோடு இருக்கும் சொல்; எழுத்தில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் கொளுவியது அவிழாது, கழலும். ஆகவே ‘அவிழ்’ என்பதன் எதிர்ச்சொல் போட்டியில் இதற்கு இடமில்லை. தமிழகத்து வாசகருக்கு ‘மாட்டு’ என்றால் உடனே விளங்கும். நமக்கோ ‘மாட்டு வண்டி’யின் மாட்டு முன்னுக்கு வந்து நிற்கும். அவ்வளவுதான் வேறுபாடு.

இறுக்கு

நெகிழ்ந்ததை மீண்டும் பிடிக்கச் செய்வது. எதிர்ச்சொல் நெகிழ்த்து அல்லது தளர்த்து. ‘அவிழ்’ என்பதற்கு நேர் எதிர் அல்ல. இருந்தாலும் ‘கட்டு அவிழ்ந்தது’ என்ற தன்வினைக்கு எதிராக ‘கட்டு இறுகியது’ என்று எழுதலாம். முடிச்சு விழுந்தது என்பது பொருந்தாத இடத்தில் இது கைகொடுக்கும்.

ஒரே பார்வையில்

| சொல் | எதனால் சேர்கிறது | ‘அவிழ்’ நேர் எதிரா? | வேறு எதிர்ச்சொற்கள் | எங்கே சிறந்தது |
|---|---|---|---|---|
| கட்டு | கயிறு, நூல், துணி | ஆம் | இடி, உடை, கழற்று | தனிச் சொல்லாக. மாடு, மூட்டை, தறப்பாள் |
| முடி | மயிர், துணி முனை | ஆம், பெயர்ச்சொல் பக்கத்தில் இருந்தால் | தொடங்கு | கூந்தல், காசு, பூ |
| பூட்டு | நுகமும் கயிறும்; உலோகம் | மாட்டுக்கு ஆம், கதவுக்கு இல்லை | திற, கழற்று | ஏர், வண்டி, தெறி |
| பிணை | கயிறு. சம பொருள்கள் | ஆம் | பிரி | மரத்தோடு மரம், கையோடு கை |
| தளை | விலங்கு, நார் | ஆம், இலக்கிய நடையில் | அறு, தட்டு | அடிமை, மலர், யாப்பு |
| கொளுவு | கொளுக்கி | இல்லை | கழற்று | படலை, ஆணி |

பட்டியலுக்குள் அடங்காத இரண்டு

‘அவிழ்’ எப்போதும் கயிற்றையே குறிக்கும் என்றில்லை. மொட்டு அவிழும். அதற்கு எதிர் கூம்பு. வள்ளுவர் ‘மலர்தலும் கூம்பலும்’ என்று இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார். தாமரைக் குளத்துப் பக்கம் கதை நடந்தால் இந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். புதிரையும் அவிழ்க்கிறோம், அதற்கு எதிர் புதிர் போடுவது. இந்த இரண்டு இடங்களிலும் ‘கட்டு’ என்று எழுதினால் அது பிழையான விடையே.

வேலியும் தனி வகை. கதியால் நட்டு, கிடுகு சாத்தி, வரிச்சு வைத்துக் கட்டுவதில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நிற்க வேண்டும். உள்ளே நிற்பவர் குத்தூசியைக் கயிற்றோடு கிடுகுக்குள்ளால் குத்துவார். வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திரும்பக் கோத்துவிடுவார். உள்ளே இழுத்து முடிச்சிடுவார்கள். கட்டுவதும் முடிவதும் அதற்குள் இருக்கின்றன. ஆனாலும் முழுச் செயலுக்கு வேலி அடைத்தல் என்று பெயர். அதற்கு எதிர் வேலியைப் பிரித்தல். கூரைக்கும் அப்படியே, வேய்வதும் பிரிப்பதும். ‘வேலியை அவிழ்த்தார்கள்’ என்று எழுதாதீர்கள்.

யார் எதை எடுத்துக்கொள்வது

கதை எழுதுபவர்களுக்கு: முதல் வரைவில் ‘கட்டு’ வந்த இடங்களை எல்லாம் அடையாளமிட்டு, ஒவ்வொன்றிலும் என்ன கருவி, என்ன பொருள் என்று பாருங்கள். கூந்தல் என்றால் முடி. வண்டி என்றால் பூட்டு. இரண்டும் ஒரே இனம் என்றால் பிணை. மிஞ்சியவற்றில் ‘கட்டு’ அப்படியே இருக்கட்டும். பழைய சொல் என்பதற்காக ஒன்றை வலிந்து புகுத்த வேண்டாம். 2020 இல் நடக்கும் கதையில் பிணையல் வந்தால், அதைச் சொல்பவர் முதியவராக இருக்க வேண்டும்.

அறிவித்தல் எழுதுபவர்களுக்கு: ஆசனப்பட்டியை ‘அணியுங்கள்’ என்பது நிலைத்துவிட்ட வழக்கு, அதை மாற்ற வேண்டியதில்லை. கொளுவும் விதத்தை விளக்க வேண்டிய இடத்தில் ‘பூட்டுங்கள்’ நல்லது. நாக்கு உள்ளே போய்ச் சொடுக்கென்று பிடிப்பது பூட்டுத்தான். ‘கட்டுங்கள்’ என்றால் வேட்டி கட்டுவதைப் போல முடிச்சுப் போடச் சொன்னதாகிவிடும். கழற்றும்போது ‘கழற்றுங்கள்’ என்றே எழுதுங்கள், ‘அவிழுங்கள்’ என்று எழுதினால் இலக்கணமும் போய்விடும். பட்டியைப் பிடித்திருப்பவர் அவிழ்க்கிறார், அவிழ்வது பட்டி.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்: வினாத்தாளில் தனிச் சொல் இருந்தால் பிள்ளை ‘கட்டு’ என்று எழுதட்டும். அடிக்கோடிட்ட சொல் ‘அவிழ்ந்தது’ என்று இருந்தால் ‘கட்டினான்’ என்று எழுதக்கூடாது. ‘இறுகியது’ அல்லது ‘விழுந்தது’, வாக்கியத்துக்கு ஏற்றபடி. ‘அவிழ்த்தான்’ என்று இருந்தால் ‘கட்டினான்’. தெரிவுகளில் ‘கட்டு’வும் ‘முடி’யும் இரண்டுமே இருந்து, வாக்கியத்தில் கூந்தலோ பூவோ சேலைத் தலைப்போ இருந்தால் ‘முடி’. மொட்டும் புதிரும் தவிர மற்ற எதுவானாலும் ‘கட்டு’.